தொடுவதை முதலில் அறிவது யார்: நரம்பு முனையா, தோல் செல்லா?

தாமரைக்குளம்

மேல்நிலை வகுப்புக்கு விலங்கியல் நடத்தும் ஆசிரியை நான். புலனுறுப்புகள் பாடத்தில் தோலுக்கு வந்தபோது ஒரு மாணவி எழுந்து இப்படிக் கேட்டாள்: "கண்ணில் ஒளியை வாங்கத் தனிச் செல்கள் இருக்கின்றன. காதில் மயிர்ச்செல், நாக்கில் சுவைச்செல். இவையெல்லாம் முதலில் உணர்ந்து, பிறகு நரம்புக்குச் சொல்கின்றன. தோலில் மட்டும் நரம்பு ஏன் தானே நேரில் வந்து உணர வேண்டும்? தோலின் செல்களுக்கு மூடி வைப்பதைத் தவிர வேறு வேலையே இல்லையா?"

தோலில் தொடு உணர்வுக்கு உரிய நுண்ணமைப்புகள் மெர்க்கல் செல், மைஸ்னர் துகள், பாசினி துகள், ரஃபினி முனை என்று பெயர்களை வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலையை எழுதிப் பாடநூல் முடித்துவிடுகிறது. அவற்றில் நரம்பு எதுவரை, தோல் எதுவரை, இரண்டும் எங்கே கைகோக்கின்றன என்பதை அறிந்தவர்கள் சொல்லுங்கள். முடிவை மட்டும் சொல்லாமல், எந்தச் சோதனையால் அது தெரிந்தது என்பதையும் எழுதினால் வகுப்புக்கு அப்படியே கொண்டுபோவேன்.

நுண்செல்

அந்த மாணவிக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள், ஆசிரியை அவர்களே. உடலியலாளர்கள் நூறாண்டுக்கு மேல் மோதிக்கொண்ட கேள்வியை அவள் கேட்டிருக்கிறாள். புலன் உடலியல்தான் என் ஆராய்ச்சித் துறை. ஆகவே நீளமாகவே எழுதுகிறேன்.

1875இல் ஃபிரீட்ரிக் மெர்க்கல் என்ற ஜெர்மானிய உடற்கூறியலாளர் மேல்தோலின் அடியடுக்கில், சுற்றியுள்ள செல்களிலிருந்து வேறுபட்ட சில செல்களைக் கண்டார். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு நரம்பு முனை தட்டையாக விரிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நெருக்கத்தை வைத்தே அவற்றைத் தொடுசெல்கள் என்று அழைத்தார். அன்று அது ஊகம் மட்டுமே. பின்னர் எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்தபோது இன்னொரு தடயம் கிடைத்தது. அந்தச் செல்லுக்குள், நரம்பை நோக்கிய பக்கத்தில், வேதிப்பொருள் நிரம்பிய நுண்குமிழ்கள் திரண்டிருந்தன. நரம்போடு வேதிச் செய்தி பேசும் செல்களில் காணப்படும் அமைப்பு அது. 1969இல் இகோ, மியூர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பூனையின் தோலில் மெர்க்கல் செல்கள் கூட்டமாக இருக்கும் சிறு மேடுகளை அழுத்திப் பார்த்தார்கள். அழுத்தம் நீடிக்கும்வரை அதன் நரம்பிழை விடாமல் துடித்தது, அதாவது மின்துடிப்புகளை எழுப்பிக்கொண்டே இருந்தது.

இருந்தும் வழக்கு தீரவில்லை. உணர்வது செல்லா, செல்லோடு ஒட்டிய நரம்பா? இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியில்லை. நச்சுப் பொருளாலோ ஒளியாலோ மெர்க்கல் செல்லைக் கொன்றுவிட்டு நரம்பைச் சோதித்தவர்கள் ஒருவருக்கொருவர் முரணான முடிவுகளைச் சொன்னார்கள்.

2009இல் ஹூஸ்டனில் ஹூடா ஸோக்பியின் ஆய்வுக்கூடம் மரபணு வழியை எடுத்தது. மெர்க்கல் செல் உருவாக அடோ1 என்ற மரபணு தேவை. உடல் தோலில் அதை நீக்கிய எலிகளுக்கு அந்த இடத்தில் மெர்க்கல் செல்களே உண்டாகவில்லை. நரம்பிழைகள் வந்து சேர்ந்திருந்தன. ஆனால் அழுத்தம் நீடிக்கும்போது தொடர்ந்து துடிக்கும் அந்த வகைப் பதிலை எங்குமே பதிவு செய்ய முடியவில்லை. அதே ஆண்டு வெளியான வேறு ஆய்வுகள், மெர்க்கல் செல்கள் கருவில் நரம்பு மண்டலம் உருவாகும் இடத்தை ஒட்டிய நரம்பு முகட்டிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவை அல்ல, மேல்தோலின் மூதாதைச் செல்களிலிருந்தே பிறப்பவை என்று காட்டின. அதாவது அவை தோலின் சொந்தப் பிள்ளைகள்.

ஓய்வுபெற்ற மயக்கவியலார்

தம்பி நுண்செல் எழுதியதை ரசித்துப் படித்தேன். ஆனால் நரம்பின் இடத்தை இவ்வளவு எளிதாகத் தோலுக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

அறுவை அரங்கில் என் பணிக்காலம் முழுதும் கழிந்தது. அக்குளில் நரம்புக் கற்றையைச் சுற்றி மரப்பு மருந்து செலுத்தினால், சற்று நேரத்தில் நோயாளியின் கை முழுவதும் மரத்துவிடும். விரல் நுனியின் மெர்க்கல் செல்கள் அத்தனையும் அங்கேயே நலமாக இருக்கும். ஒரு பயனும் இல்லை. இது ஒன்று.

இரண்டாவது, விரலில் தொடு உணர்வு தரும் நரம்பிழைகளில் பெரும்பகுதிக்கு மெர்க்கல் செல்லோடு தொடர்பே கிடையாது. மைஸ்னர் துகளிலும் பாசினி துகளிலும் நடுவில் இருப்பது நரம்பு முனைதான். வலியையும் சூட்டையும் உணரும் முனைகள் மேல்தோலுக்குள் உறையில்லாமல் நுழைந்து கிளைவிடுகின்றன. அங்கேயெல்லாம் உணர்வது நரம்பு. ஒரே ஒரு செல் வகையை வைத்துக்கொண்டு தோலே உணர்கிறது என்று பொதுவாகச் சொல்வது மாணவர்களைத் திசைதிருப்பும்.

நுண்செல்

டாக்டர் ஐயா, முதல் வாதத்தை ஏற்கமாட்டேன். பார்வை நரம்பை வெட்டினாலும் பார்வை போய்விடும். அதனால் விழித்திரைச் செல்கள் ஒளியை உணரவில்லை என்று ஆகாது. மூளைக்குப் போகும் ஒரே பாதை நரம்பு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பாதையின் தொடக்கத்தில் அழுத்தத்தை மின்சாரமாக மாற்றுவது எது என்பதுதான் கேள்வி.

இரண்டாவது வாதத்துக்கு வலு இருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல 2010க்கு வர வேண்டும். கலிஃபோர்னியாவின் லா ஹோயாவில், ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில், ஆர்டெம் படபூட்டியனும் பெர்ட்ரான் கோஸ்ட்டும் நுண் கண்ணாடிக் குழாயால் குத்தினால் மின்னோட்டம் காட்டும் ஒரு செல் வகையை எடுத்துக்கொண்டார்கள். சந்தேகத்துக்குரிய மரபணுக்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாக அடக்கிப் பார்த்தார்கள். எழுபத்திரண்டாவதை அடக்கியபோது செல் குத்தலுக்குப் பதில் சொல்வதை நிறுத்தியது. அதுதான் பீசோ1. அதன் உறவான பீசோ2 தொடு உணர்வுக்கு உரியது என்று அடுத்தடுத்துத் தெரிந்தது. படபூட்டியனுக்கு 2021இல், டேவிட் ஜூலியஸோடு சேர்த்து, மருத்துவத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது.

பீசோ2 செல்லின் சவ்வில் பொதிந்த பெரிய புரதம். மூன்று ஒரே மாதிரியான துண்டுகள் சேர்ந்து, விசிறி இறக்கை போன்ற மூன்று அலகுகள் வளைந்து விரிந்த வடிவம். நடுவில் துளை. சவ்வு இழுபட்டால் அலகுகள் தட்டையாகின்றன, துளை திறக்கிறது, சோடியம், கால்சியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அழுத்தம் மின்சாரமாகும் கணம் இதுதான்.

இனிதான் விஷயம். பீசோ2 இரண்டு இடத்திலும் இருக்கிறது: மெர்க்கல் செல்லிலும், அதைத் தொட்டு நிற்கும் நரம்பு முனையிலும். 2014இல் படபூட்டியனின் குழு மெர்க்கல் செல்லில் மட்டும் பீசோ2ஐ நீக்கியது. நரம்பில் கைவைக்கவில்லை. அழுத்தம் தொடங்கும் கணத்தில் நரம்பு துடித்தது; ஆனால் அழுத்தம் நிலைத்து நிற்கும்போது துடிப்பு விரைவில் தளர்ந்தது. அதே ஆண்டு, நியூயார்க்கில் எலன் லம்ப்கின் குழு இன்னும் துணிச்சலான சோதனை ஒன்றைச் செய்தது. மெர்க்கல் செல்லில் மட்டும் ஒளிக்குத் திறக்கும் ஒரு புரதத்தை வைத்து, தோலை எதுவும் தொடாமல் ஒளியை மட்டும் பாய்ச்சினார்கள். அடுத்திருந்த நரம்பு துடித்தது. மெர்க்கல் செல்லை ஒளியால் அடக்கியபோது, அழுத்திய தோலிலிருந்தும் நரம்பின் தொடர் துடிப்பு குறைந்தது.

ஆக, தொடக்கத்தை நரம்பு முனை தானே பிடித்துக்கொள்கிறது. நிலைத்து நிற்கும் அழுத்தத்தை மெர்க்கல் செல் நரம்புக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. எது வந்து தொட்டது என்பதோடு எது இன்னும் கையில் இருக்கிறது என்பதும் நமக்குத் தெரிவது இந்தக் கூட்டு உழைப்பால்தான். பேனாவை நழுவவிடாமல் பிடித்துக்கொண்டு எழுதுகிறோமே, அதற்குள் இது நடந்துகொண்டிருக்கிறது.

பாவும் ஊடையும்

வணக்கம். காஞ்சிபுரத்தில் தறி நெய்கிறவன். உங்கள் அறிவியல் விவாதத்தில் என் அனுபவம் பொருந்துமா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் ஓர் இழை தளர்ந்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் என் கை அந்த இழையைத் தொடவே இல்லை. ஊடை நூலை நெருக்கும் அச்சை இழுத்து அடிக்கும்போது மரச்சட்டத்தின் வழியாக ஒரு மாற்றம் வருகிறது. ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா ஓடும்போது எங்காவது சிக்கினாலும் அப்படித்தான். மரத்துக்கு நரம்பு இல்லை, தோலும் இல்லை. அப்படியிருக்க எட்டி நிற்கும் இழையை நான் எப்படி அறிகிறேன்?

நுண்செல்

அருமையான கேள்வி, அண்ணா. உங்களுக்கு உதவுவது பாசினி துகள். ஃபிலிப்போ பாசினி என்ற இத்தாலியர் 1830களில், மருத்துவ மாணவராக இருந்தபோதே, பிணப் பரிசோதனையில் கை நரம்பை ஒட்டி வெறும் கண்ணால் பார்த்தது. சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளம்; நடுவில் ஒற்றை நரம்பு முனை, அதைச் சுற்றி வெங்காயத்தைப் போல அடுக்கடுக்காக மெல்லிய செல் படலங்கள், இடையில் திரவம். அடித்தோலின் ஆழத்தில் இருக்கிறது. விநாடிக்கு 200 முதல் 300 தடவை அதிரும் அதிர்வுக்கு அது மிகக் கூர்மையானது. மரம், இரும்பு போன்ற கெட்டியான பொருளைக் கையில் பிடித்தால், அதன் மறுமுனையில் நடப்பது அதிர்வாக ஏறி வந்து இந்தத் துகள்களை எட்டுகிறது. தறிச்சட்டத்தின் மறுபுறம் நிற்கும் இழையின் தளர்ச்சி உங்கள் கைக்கு வருவது இந்த வழியாக. அச்சைப் பற்றியிருக்கும் விரல் தோலில் மெர்க்கல் செல்கள் பிடியின் அழுத்தத்தைச் சொல்கின்றன. பாசினி துகள்கள் அதில் பரவும் அதிர்வைச் சொல்கின்றன. இரண்டும் ஒரே கையில், ஒரே நேரத்தில்.

டாக்டர் ஐயாவுக்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது. 1965இல் லோவன்ஸ்டைன், மெண்டல்சன் இருவரும் பூனையின் பாசினி துகளிலிருந்து அந்த அடுக்குகளைக் கவனமாக உரித்தார்கள். அடுக்கு இருந்தபோது, அழுத்தம் தொடங்கும்போதும் விடும்போதும் மட்டுமே நரம்பு முனையில் மின் மாற்றம் தெரிந்தது. உரித்த பிறகு, அழுத்தம் நீடிக்கும்வரை அந்த மாற்றம் நீண்டது. எந்தத் தொடுகையை நரம்புக்கு விட வேண்டும், எதை வடிகட்ட வேண்டும் என்று அடுக்குகள் தீர்மானிக்கின்றன.

ஓய்வுபெற்ற மயக்கவியலார்

அந்தச் சோதனை எனக்கும் தெரியும். அதிலேயே இன்னொரு செய்தி உண்டு: உரித்த பிறகும் நரம்பு ஓயாமல் துடிக்கவில்லை, சில துடிப்போடு நின்றது. நரம்பு முனையே விரைவில் பழகிக்கொள்ளும் இயல்பு கொண்டது என்று பொருள். மேலும், அடுக்குகள் அழுத்தத்தை வடிகட்டுகின்றன என்றால் அது பொறியியல் பங்கு. உணர்வது என்று நான் ஏற்க, அந்தச் செல்லே அழுத்தத்துக்கு மின் பதில் தர வேண்டும்.

நுண்செல்

தருகிறது ஐயா. யேல் பல்கலைக்கழகத்தில் வாத்தின் அலகுத் தோலை ஆராயும் குழு 2020இல் அதைப் பதிவு செய்தது. வாத்து கலங்கிய நீரில் அலகால் துழாவி இரை தேடும் பறவை. அலகில் தொடு துகள்கள் செறிந்திருக்கும். நம்முடைய மைஸ்னர், பாசினி துகள்களுக்கு இணையான துகள்கள். அவற்றின் அடுக்குச் செல்களில் நுண்ணிய மின்முனையைச் செருகி, கண்ணாடிக் குச்சியால் லேசாக அழுத்தியபோது, செல்லே மின் பதில் தந்தது. மைஸ்னர் வகைத் துகளின் அடுக்குச் செல்லில் நரம்பைப் போன்ற மின்துடிப்புகூட எழுந்தது. மெர்க்கல் ஒரு விதிவிலக்கு என்று இனிச் சொல்ல முடியாது.

பாலாறு

வேலூர் பக்கத்தில் தொழுநோய், நீரிழிவு நோயாளிகளோடு பணிசெய்யும் உடலியக்க மருத்துவர் நான். உங்கள் உரையாடலுக்கு மறுபக்கம் என் மேசையில் தினமும் வந்து உட்காருகிறது. அதைக் கொஞ்சம் எழுதுகிறேன்.

தொழுநோய்க் கிருமி நரம்பிழையைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்களில் குடியேறுகிறது. உடலின் குளிர்ந்த பகுதிகள் அதற்குப் பிடிக்கும். கை, கால், முகத்தின் மேலோட்டமான நரம்புகள் முதலில் பாதிக்கப்படுகின்றன. சூடு, குளிர் அறிதல் பெரும்பாலும் முதலில் போகும். மெல்லிய தொடுகை அடுத்து. வலியும் போகும். ஒரு தேமல், அதில் பஞ்சு தொட்டால் தெரியவில்லை என்றால் உடனே மருத்துவரைப் பாருங்கள். பல மருந்துக் கூட்டுச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. தொடக்கத்திலேயே எடுத்தால் நரம்பு காப்பாற்றப்படும்.

விரல்கள் மழுங்குவது நோய் தசையைத் தின்பதால் என்று நெடுங்காலம் எல்லோரும் நம்பினார்கள். வேலூரில் 1946 முதல் பணிசெய்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் அதைத் தகர்த்தார். தொடு உணர்வும் வலியும் இல்லாததால், சூடான பாத்திரத்தை வெறும் கையால் தூக்குகிறார்கள், பூட்டில் சாவியை விரல் கிழியும் அளவுக்குத் திருகுகிறார்கள், ஆணி ஏறிய செருப்போடு நடக்கிறார்கள். காயம் ஆறுவதற்குள் அடுத்த காயம். கை அழிவது உணர்வில்லாததால்தான். தசைநாண்களை மாற்றிப் பொருத்தி மடங்கிய விரல்களை மீட்கும் அறுவை முறையை அவர் வேலூரில் வளர்த்தெடுத்தார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் இந்தப் பெருமை உண்டு என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

நீரிழிவில் வழி வேறு. மிக நீளமான நரம்பிழைகள் முதலில் சேதமாகின்றன. அதனால்தான் கால் விரலில் தொடங்கி மேலேறுகிறது. நாங்கள் சோதிப்பது எளிது: 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் வைத்து, நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, தெரிகிறதா என்று கேட்போம். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை அதிரவிட்டு கால் கட்டைவிரல் எலும்பில் வைப்போம். நுண்செல் சொன்ன பாசினி துகளும் அதன் நரம்பும் நலமா என்பதைக் காட்டுவது அந்தக் கவை.

வீட்டில் நீரிழிவு நோயாளி இருந்தால் தினமும் பாதத்தை, விரலிடுக்கை, உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வெந்நீரைக் காலால் சோதிக்க விடாதீர்கள், முழங்கையால் சோதிக்கட்டும். கோடை மதியத்தில் கோயில் பிரகாரக் கருங்கல் தளத்தில் வெறுங்காலோடு சுற்றி, கொப்புளம் வந்ததே தெரியாமல் வந்தவர்களை நான் பார்க்கிறேன். விடியற்காலையிலோ மாலை தாழ்ந்த பிறகோ போகச் சொல்லுங்கள். செருப்புக்குள் கல் இருக்கிறதா என்று போடுவதற்கு முன் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற மயக்கவியலார்

பாலாறு எழுதியதை எல்லோரும் இரண்டு முறை படியுங்கள். மயக்க மருந்து தருவதற்கு முன் பாதத்தைப் பார்த்திருக்கிறேன். எத்தனை பேர் தங்கள் புண்ணை என்னிடமிருந்து கேட்டு அறிந்தார்கள்.

ஆறுபுள்ளி

பார்வையற்றவள், பிரெய்லில் வாசித்து, பிரெய்ல் கற்பிப்பவள். இங்கே மெர்க்கல் செல் பற்றி எழுதியதைத் திரை வாசிப்பான் வழியே கேட்டபோது, என் தொழிலின் கருவியையே விளக்குவது போல் இருந்தது.

புள்ளியை அழுத்தினால் படிக்க முடியாது. புதிதாகக் கற்கிறவர்கள் எல்லோரும் அழுத்துவார்கள், எழுத்து மங்கிவிடும். விரல் மெதுவாக நகர்ந்தால்தான் புள்ளிகள் தனித்தனியாக எழுகின்றன. ஆறு புள்ளிகளுக்கிடையிலான தொலைவு சுமார் 2.5 மில்லிமீட்டர். விரல் நுனியில் பிரித்தறியக்கூடிய தொலைவுக்கு அது மிகச் சரியாகப் பொருந்துகிறது. இன்னொன்று: அதிகமாக வாசித்த நாளில் விரல் மரத்துப்போவது போலத் தோன்றும்; விரலை மாற்றினால் சரியாகிவிடும். மெர்க்கல் செல்கள் நிலைத்த அழுத்தத்துக்கு உரியவை என்றால், நகரும் விரலில் அவற்றுக்கு என்ன வேலை?

நுண்செல்

அம்மா, நகரும் விரலில்தான் அவற்றின் திறமை தெரிகிறது. மெர்க்கல் நரம்பிழை ஒவ்வொன்றும் தோலில் மிகச் சிறிய இடத்துக்குப் பொறுப்பு. விரல் நுனியில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 70 அப்படிப்பட்ட இழைகள் உண்டு. புள்ளி ஒவ்வோர் இழையின் இடத்தைக் கடக்கும்போதும் தோல் அங்கே குழிந்து எழுகிறது, அந்த இழை துடிக்கிறது. 1990இல் பிலிப்ஸ், ஜோஹான்சன், ஜான்சன் மூவரும் மனிதரின் விரலில் பிரெய்ல் புள்ளிகளை உருட்டி, கை நரம்பில் ஊசிமுனையால் தனித்தனி இழைகளின் துடிப்பைப் பதிவு செய்தார்கள். மெர்க்கல் வகை இழைகளின் துடிப்பை வரைந்து பார்த்தால் பிரெய்ல் எழுத்தின் புள்ளிகள் அப்படியே தெரிந்தன. பாசினி வகை இழைகளில் எழுத்தின் வடிவமே இல்லை. மைஸ்னர் வகையில் புள்ளிகள் சற்றுக் குழம்பித் தெரிந்தன.

விரல் சிறியதாக இருந்தால் கூர்மை அதிகம் என்றும் 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. சிறிய விரலில் இந்த உணர்வு முனைகள் நெருக்கமாக இருப்பதே காரணம் என்று அந்த ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பெண்களுக்குத் தொடு கூர்மை சராசரியில் அதிகமாகக் காணப்படுவதும் பெரும்பாலும் விரலின் அளவால்தான்.

தாமரைக்குளம்

ஒரே உரையாடலில் இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. இரண்டு கேள்விகள் மட்டும் மிச்சம். மேல்தோலின் சாதாரணச் செல்கள், தோலின் மிகப் பெரும்பகுதியாக இருப்பவை, அவற்றுக்குத் தொடு உணர்வில் பங்கு உண்டா? எலியைத் தவிர மனிதரில் பீசோ2 இல்லையென்றால் என்ன நடக்கும் என்று தெரியுமா?

நுண்செல்

முதலாவதற்கு: உண்டு. மேல்தோலின் பெரும்பான்மைச் செல்கள் கெராட்டின் என்ற புரதத்தைத் தயாரிக்கும் செல்கள். 2015இல் எலியில் அவற்றுக்கு மட்டும் ஒளிக்குத் திறக்கும் புரதத்தை வைத்து ஒளி பாய்ச்சியபோது, பல வகை உணர்வு நரம்பிழைகள் துடித்தன. எதிராக, அவற்றை ஒளியால் அடக்கியபோது வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் வந்த பதில் குறைந்தது. 2018இல் ஷெரில் ஸ்டக்கியின் குழு அதன் வேதிப் பாதையில் ஒன்றைக் கண்டது. அழுத்தப்பட்டால் இந்தச் செல்கள் ஏடிபியை வெளியிடுகின்றன. நரம்பு முனையிலுள்ள பி2எக்ஸ்4 என்ற ஏற்பி அதை வாங்கிக்கொள்கிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் அதே ஏடிபி இங்கே செய்தியாளராகிறது. 2019இல் ஸ்டாக்ஹோமில் வலி நரம்பு முனைகளைச் சுற்றியிருக்கும் ஒரு சிறப்பு வகை ஷ்வான் செல் குத்தலுக்குத் தானே பதில் சொல்லி, வலியைத் தூண்டுவதைக் காட்டினார்கள். டாக்டர் ஐயா சொன்ன உறையில்லாத முனையும் தனியே நிற்கவில்லை.

இரண்டாவதற்கு: 2016இல் அமெரிக்கத் தேசிய நல நிறுவனத்தின் அலெக்சாண்டர் செஸ்லரும் கார்ஸ்டன் பொன்னமனும் பீசோ2 செயலிழந்த மரபணுவோடு பிறந்தவர்களை விவரித்தார்கள். அவர்கள் உள்ளங்கையில் வைத்த இசைக்கவையின் அதிர்வை உணரமாட்டார்கள். கண்ணை மூடினால் தங்கள் கை எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. நடக்கும்போது கண்ணால் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். முதுகெலும்பும் மூட்டுகளும் வளைந்து வளர்ந்திருந்தன. ஆனால் ஊசி குத்தினால் வலிக்கும், சூடு தெரியும். மயிர் உள்ள தோலைத் தூரிகையால் தடவினால் ஏதோ தெரியும். 2018இல் அவர்களின் தோலில் மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் வைத்துச் சோதித்தபோது, மற்றவர்களுக்கு அந்த இடத்தில் மெல்லிய தொடுகைகூட வலித்தது, இவர்களுக்கு வலிக்கவில்லை. வெயிலில் புண்பட்ட தோலில் சட்டை உரசினால் வலிக்குமே, அந்த வலிக்கும் பீசோ2 தேவை. நாள்பட்ட நரம்பு வலிக்கு மருந்து தேடுகிறவர்கள் இந்தப் புரதத்தைக் கவனிப்பது இதனால்தான்.

ஓய்வுபெற்ற மயக்கவியலார்

என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். நரம்பே முதல் காவலாளி என்ற என் கருத்து மாறவில்லை. பீசோ2 நரம்பில் இல்லாவிட்டால் மெர்க்கல் செல் மட்டும் இருந்து பெரிய பயன் இல்லை. ஏனெனில் உணர்வு நரம்புகளிலும் சேர்த்து பீசோ2ஐ நீக்கிய எலிகளுக்கு மெல்லிய தொடு உணர்வு பெரிதும் போயிற்று. மெர்க்கல் செல்லில் மட்டும் நீக்கிய எலிகளுக்கு இழப்பு அவ்வளவு இல்லை. இந்த ஒப்பீட்டை, ஆசிரியை அம்மா, மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். அதே மூச்சில், தோல் செல் இல்லையேல் நுணுக்கம் இல்லை என்பதையும் சொல்லுங்கள். இன்னொன்று கேட்க வேண்டும், தம்பி: மெர்க்கல் செல் நரம்புக்கு எந்த வேதிப்பொருளால் சொல்கிறது?

நுண்செல்

அந்த ஒப்பீடு மிகச் சரி, ஐயா. வேதிப்பொருளில் இரு கட்சி உண்டு. 2016இல் ஜியாங்குவோ குவின் குழு எலியின் மீசை மயிர்க்காலில் செரோட்டோனின் என்றது. 2018இல் லம்ப்கின் குழு உடல் தோலில் நோர்அட்ரினலின் என்றது. அதன் ஏற்பியைத் தடுத்தால் தொடர் துடிப்பு குறைந்தது. மீசை வேறு, உடல் தோல் வேறு. ஆகவே இரண்டும் சரியாக இருக்க இடமுண்டு. என் சாய்வு லம்ப்கின் பக்கம். உயர் ரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மருந்துகளும் இதே ஏற்பிகளைத் தொடுபவை என்பதால், எனக்கு இது மிகவும் ஆர்வமூட்டுகிறது.

பாலாறு

ஆசிரியை அம்மா, வகுப்பில் செய்து காட்ட ஒரு சோதனை சொல்லிவிட்டுப் போகிறேன். ஜெர்மானிய உடலியலாளர் எர்ன்ஸ்ட் வேபர் 1834இல் எழுதிய அதே சோதனைதான்: இரண்டு முனைகளை இரண்டு என்று தோல் அறிய அவற்றுக்கிடையே எவ்வளவு தொலைவு வேண்டும் என்று பார்ப்பது. வட்டவரைக் கவராயத்தின் கூரான முனைகளுக்குப் பதிலாக, மழுங்கிய இரு தீக்குச்சிகளை அளவுகோலில் ஒட்டிக்கொள்ளுங்கள். கண்ணை மூடிய மாணவியின் தோலில் இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே அழுத்தத்தில் பட வேண்டும். ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகப் பட்டால் முடிவு பொய்யாகும். இடையிடையே ஒரு முனையை மட்டும் வையுங்கள், இல்லாவிட்டால் எல்லோரும் "இரண்டு" என்றே சொல்வார்கள். விரல் நுனியில் 2, 3 மில்லிமீட்டரிலேயே இரண்டு என்பார்கள். உள்ளங்கையில் ஒரு சென்டிமீட்டர் வேண்டும். முன்கையிலும் முதுகிலும் 4 சென்டிமீட்டர் தள்ளி வைத்தாலும் சிலர் ஒன்று என்றே சொல்வார்கள். அளவுகளைக் கரும்பலகையில் உடல் படமாக வரையச் சொல்லுங்கள். தோலைக் கீறாத முனையா என்று முதலில் உங்கள் கையில் வைத்துப் பாருங்கள். நீரிழிவுள்ள ஆசிரியர்கள் யாராவது பங்கெடுத்து, பாதத்தில் எதுவும் தெரியவில்லை என்றால் அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள்.